தும்மாதவர் சான்றிதழ்

சின்னையன் தும்மினால் ஒன்றுதான். மற்றவர்கள் இரண்டு போடுகிறார்கள், மூன்று போடுகிறார்கள், சிலர் வரிசையாகப் போட்டுத் தள்ளிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே ஒரு தும்மல், அதுவும் தெருக்கோடி வரை கேட்கும். ஒற்றைத் தும்மல் ஆகாது என்பது கடலூர் ஜில்லாவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கிளம்பியவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவான். பேரம் முடிந்து பணத்தை எடுத்தவன் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வான்.

சின்னையனுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் மெத்தைக் கடை. இலவம்பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி ஏறி, அது இப்போது அவர் மூக்கா பஞ்சின் மூக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. விலை படிந்து வரும் நேரத்தில் தும்மி எத்தனையோ வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். அதையெல்லாம் அவர் பெரிதுபடுத்தவில்லை. மகள் விஷயத்தில் வந்தபோதுதான் வலித்தது.

மகள் இளமதிக்கு முதலில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தட்டு மாற்றக் கையை நீட்டிய நேரத்தில் சின்னையன் தும்மினார். பையனின் அத்தை தட்டைக் கீழே வைத்தாள், பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. அடுத்தது விருத்தாசலம். இந்த முறை சின்னையன் மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டே எல்லாரையும் வரவேற்றார். பேச்செல்லாம் நல்லபடி முடிந்து, அவர்கள் வாசல்படியில் கால் வைக்கும்போது கையை எடுத்தார். அதோடு சரி, அவர்கள் போன் எண்ணைக்கூட மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவன் இளவரசு, கீரப்பாளையத்துப் பையன். சிப்காட்டில் இளமதி வேலை பார்க்கும் அதே கம்பெனி ஆய்வுக்கூடத்தில் அவனுக்கும் வேலை. பெரியவர்கள் பேசுவதற்கு ரொம்ப முன்னாலேயே இருவரும் பேசி முடித்துவிட்டார்கள் என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொண்டு தெரியாத மாதிரி இருந்தார்கள். பையனின் அப்பா தில்லைநாதன் கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து உட்கார்ந்தார், காப்பி குடித்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"பையனுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. எங்களுக்கும் புடிச்சிருக்கு. ஒங்க குடும்பத்துல ஒரு கொறயும் இல்ல, ஒங்க மூக்கத் தவிர," என்றார். "விசாரிச்சிட்டுத்தான் வந்தேன். பண்ருட்டியில நடந்ததும் தெரியும், விருத்தாசலத்துல நடந்ததும் தெரியும்."

சின்னையன் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

"சிதம்பரத்துல நம்ம மையம் ஒண்ணு இருக்கு. நடுநாட்டு இயற்கை ஊட்ட நல மையம். சுத்தமான மூலிகை. நான்கூட அதுல ஒரு கமிட்டித் தலைவரு. அங்க போயி மருந்து சாப்புட்டுட்டு, தும்மமாட்டாருன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுங்க. ஆவணியில தட்ட மாத்திக்குவோம். சான்றிதழ் இல்லன்னா, தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்கு ஒரே பையன்."

அவர்கள் போன பிறகு இளமதி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இதுவும் போச்சுன்னா எனக்கு வேற யாரையும் பாக்காதீங்கப்பா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சின்னையன் தாங்கியிருப்பார். மெதுவாகச் சொன்னாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கிலீஷ் மருந்தையும் அவர் பார்க்காமலில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை தும்மலை நிறுத்தியது, கூடவே சின்னையனையும் நிறுத்தியது. காலை பத்து மணிக்குக் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த மெத்தையிலேயே சாய்ந்துவிடுவார். வந்தவர்கள் அவர் தூங்குகிற அழகைப் பார்த்துவிட்டு, அதே மெத்தைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். வியாபாரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அப்பா குறட்டை விட்டால் அதற்கு என்ன சகுனம் சொல்வார்களோ என்று மனைவி அமராவதி மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். மிளகு, தூதுவளை, கற்பூரவல்லி, தேனில் ஊறிய நெல்லிக்காய் என்று தெருவில் ஆளுக்கொன்று சொன்னதையும் தின்று பார்த்தார். நாக்குக்கு நன்றாக இருந்தது. மூக்கு அது பாட்டுக்கு இருந்தது.

ஆகவே சிதம்பரம்.

வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில் மையம் இருந்தது. வாசலில் பெரிய பலகை: 'தும்மலா? இயற்கையிடம் வாருங்கள்.' உள்ளே குத்துவிளக்கு, சுவர் முழுக்கத் துளசி, வேம்பு, கரிசலாங்கண்ணிப் படங்கள், நடுவில் இவற்றையெல்லாம் கண்டுபிடித்தவர் மாதிரி முதன்மை இயக்குநர் டாக்டர் கார்த்திகேசனின் படம். டாக்டர் பட்டம் எங்கே வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால் இயற்கையிடம் என்று சொல்லுவார். மையத்தின் ஒரே தயாரிப்பு 'தும்மாமணி' என்கிற மாத்திரை. கண்ணாடிப் பேழைக்குள் பட்டுத்துணி விரித்து ஒரு டப்பா வைத்திருந்தார்கள். சிலர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

முன்மேசையில் பவானி என்கிற பெண் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க சார், எதுக்கு வந்திருக்கீங்க?"

சின்னையன் வாயைத் திறந்தார். தும்மினார்.

பவானி பேனாவை மூடினாள். பின்னால் தட்டச்சு நின்றது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். அறைகளிலிருந்து ஊழியர்கள் வெளியே வந்து அவரவர் தம்ளரில் தண்ணீர் பிடித்து, உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தார்கள். ஒருவர் வெற்றிலை போட்டார்.

"ஒத்தத் தும்மல் சார்," என்றாள் பவானி. "ஒங்க டோக்கன் கேன்சல். நாளைக்கி வாங்க."

"அம்மா, தும்மலுக்கு மருந்து வாங்கத்தாம்மா வந்திருக்கேன்."

"அதத் தும்மாம சொல்லணும் சார். இங்க நடக்குறது நல்ல காரியம். நல்ல காரியத்த ஒத்தத் தும்மல்ல ஆரம்பிக்கக் கூடாதுன்னு டைரக்டர் உத்தரவு."

"தும்மாதவன் இங்க எதுக்கு வர்றான்?"

"வர்றாங்க சார். அவுங்களுக்கெல்லாம் ஒடனே முடிஞ்சிடும்."

மறுநாளும் போனார். ஆலப்பாக்கம், முட்லூர் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தும்மித் தீர்த்துவிட்டுப் போனால் உள்ளே வராது என்று கணக்குப் போட்டிருந்தார். பஸ்ஸில் ஒன்றுகூட வரவில்லை. பவானி நிமிர்ந்து பார்த்ததும் வந்தது. ஊழியர்கள் தம்ளரோடு எழுந்தார்கள். நோயாளிகள் தும்மத் தும்ம அவர்களுக்குத் தண்ணீர் குடிக்கிற வேலையே சரியாக இருந்தது. யாரும் சலித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் காடாம்புலியூர் கதிர்வேல் பழக்கமானார். அவருக்கு முந்திரித் தோப்பு இருந்தது, முந்திரி பூத்தால் தும்மல் வரும். பெஞ்சில் தலையணை, போர்வை, தண்ணீர்க் குடம் சகிதம் குடியேறிய மாதிரி இருந்தார்.

"இங்க சட்டம் தெரியாம மாட்டிக்கிட்டிருக்கீங்க மாமா," என்றார். "ஒண்ணு தும்முனா வாசலுக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டு தும்முனா நல்ல சகுனம், அடுத்த ரூமுக்கு ஏத்திவுடுவாங்க."

"மூணு தும்முனா?"

கதிர்வேல் முகம் சுருங்கியது. "அதான் நான். மூணுக்கு இன்னும் சட்டம் வரல. முடிவு பண்றதுக்குத் தும்மல் எண்ணிக்கை உபகமிட்டின்னு ஒண்ணு போட்டாங்க, கீரப்பாளையம் தில்லைநாதன் தலைவரு. மூணு தும்முறவன நேர்ல பாத்துத்தான் முடிவெடுக்கணும்னு என்னக் கூப்புட்டாங்க. நானும் போயி தும்முனேன்."

"அப்பறம்?"

"மொதத் தும்மல் விழுந்ததும் கூட்டத்த ஒத்திவச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. மீதி ரெண்டையும் காலி நாற்காலியப் பாத்துத் தும்முனேன். முந்திரி பூ வுட்டப்ப வந்தவன் மாமா. இப்ப கொட்ட பொறுக்கி வித்தாச்சின்னு ஊட்டுல சொல்றாங்க. பரிசீலனையில இருக்குறவன் எடத்த வுட்டு எழுந்திரிக்கக் கூடாதாம்."

சின்னையனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, தன் வருங்காலச் சம்பந்தியை நினைத்துப் பயமாகவும் இருந்தது. "எனக்கு ஒண்ணுக்கு மேல வராதே தம்பி," என்றார்.

"அதுக்கு எதிர்த்தாப்புல கடை இருக்கு."

மையத்துக்கு நேர் எதிரே மூக்குப்பொடிக் கடை. நடத்துகிறவர் இயக்குநரின் மச்சினர். டப்பாவின் மேல் 'மையத்தின் அங்கீகாரம் பெற்றது. முற்றிலும் இயற்கையானது' என்று போட்டிருந்தது. தும்மலை நிறுத்த வந்தவர்கள் அங்கே வரிசையில் நின்று, இரண்டாவது தும்மலுக்காகப் பொடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னையனும் வாங்கினார்.

முறை எளிதானது. தானாக ஒன்று வரும், உடனே ஒரு சிட்டிகை, பின்னாலேயே இரண்டாவது. பவானி அதைக் கேட்டதும் எழுந்து நின்று சிரித்த முகமாக "உள்ள போங்க சார்" என்றாள். முன்மேசையிலிருந்து நாடி அறை, நாடி அறையிலிருந்து நாசி அறை என்று ஏறினார். நாசி அறையில் பொடியை எடுப்பதற்குள் ஒன்று நழுவிவிட, திரும்ப வாசலுக்கு வந்தார். பரமபதக் கட்டத்தில் பாம்புக் கடி வாங்கிய மாதிரி இறங்குவதும் ஏறுவதுமாக ஆனி போய் ஆடி வந்துவிட்டது. மூக்கும் பொடிக்குப் பழகிவிட்டது. இப்போது சிட்டிகை போட்டால் இரண்டாவது தும்மல் வருவதில்லை, ஆனால் போடாவிட்டால் ஒரு வேலையும் ஓடுவதில்லை.

"தும்மலுக்கு மருந்து வாங்கப் போன மனுசன் பொடிப் பழக்கத்தோட வந்து நிக்கிறாரு," என்று அமராவதி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். இளமதி தினமும் சாயங்காலம் அப்பா சொல்லுகிற மையத்துக் கதையைக் கேட்டாள். சிரித்தாள். சில நாள் பொடி டப்பாவை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "நல்ல சரக்குதாம்பா, ஒரு சிட்டிகைக்கே ஊரு தும்மும்," என்று திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தோறும் மையத்தில் நல உரை. யார் தும்ம வாய்ப்புள்ளவர்கள் என்று பார்த்து அவர்களைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து, ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். கொல்லைப்புறம் நிரம்பி வழியும். உள்ளே கூடத்தில் ஊழியர்கள் மட்டும் இருப்பார்கள். டாக்டர் கார்த்திகேசன் பேசுவார்.

"இயற்கை அன்பர்களே. உலகத்தில் தும்மலுக்கு எத்தனையோ மருந்துகள் இருக்கின்றன. அவற்றைச் சாப்பிட்டவர்கள் இன்றும் எங்காவது தும்மிக்கொண்டிருக்கிறார்கள். நம்முடைய தும்மாமணியைச் சாப்பிட்டவர்களில் இன்றுவரை ஒருவர், ஒரே ஒருவர் தும்மினார் என்று யாராவது நிரூபிக்க முடியுமா? முடியாது. காரணம், நாங்கள் கண்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதில்லை. தும்முகிறவர் கையில் இது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? மருந்தின் பெயர் கெடும். மருந்தின் பெயர் கெட்டால் யாருக்கு நஷ்டம்? நோயாளிக்குத்தான். ஆகவே நோயாளியின் நன்மைக்காகவே நோயாளியிடமிருந்து மருந்தைக் காப்பாற்றி வருகிறோம்."

உள்ளே கைதட்டினார்கள். கொல்லைப்புறத்தில் தும்மினார்கள்.

"இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். இயற்கை இருக்கிறது. என்ன இல்லை என்று கேளுங்கள், சொல்கிறேன். கெமிக்கல் இல்லை. கலப்படம் இல்லை. பக்கவிளைவு அறவே இல்லை. சொல்லப்போனால் எந்த விளைவையும் நாங்கள் யார்மீதும் திணிப்பதில்லை. அதுதான் இயற்கையின் பெருந்தன்மை."

சின்னையன் கொல்லையில் ஒரு வாழைமரத்தடியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடி முடியப் போகிறது. இதில் கோபப்படுவதா அழுவதா என்று அவருக்கு முடிவு செய்ய முடியவில்லை. மகள் முகம் நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் ஒவ்வாமைதானே என்று விசாரித்தார். ஆமாம் என்றார்.

ஆவணியில் எப்படியும் நடக்கும் என்று நம்பி, நிச்சயத்துக்கு மேளம் சொல்லப் போன இடத்தில்தான் வழி பிறந்தது. தவில்காரர் பக்கிரி அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

"தாலி கட்டுறப்ப கெட்டிமேளம் எதுக்கு அடிக்கிறோம்னு நெனக்கிற மச்சான்? எத்தினி முகூர்த்தத்துல எத்தினி பேரு தும்மியிருக்கான், எத்தினி பேரு அழுதிருக்கான், எல்லாம் இந்தத் தோலுக்குள்ளதான் போயி கெடக்குது. ஒரு பய காதுல விழுந்திருக்குமா?"

சின்னையன் அவரையே பார்த்தார்.

"நாளைக்கி எனக்கு முகூர்த்தம் ஒண்ணும் இல்ல," என்றார் பக்கிரி.

மறுநாள் மையத்து வாசலில் வாட்ச்மேன் தவிலைத் தடுத்தார். மங்கல வாத்தியம் உள்ளே வரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று பக்கிரி கேட்டார். சகுனம் பார்க்கிற இடத்தில் மேளத்தைத் திருப்பி அனுப்பினால் அது எப்படிப்பட்ட சகுனம் என்றும் கேட்டார். வாட்ச்மேன் யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார்.

ஏற்பாடு இதுதான். மூக்கில் நமநமப்பு கண்டதும் சின்னையன் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். பக்கிரி அடிப்பார்.

"சொல்லுங்க சார், எதுக்கு வந்திருக்கீங்க?" என்றாள் பவானி.

விரல் உயர்ந்தது. தவில் இடித்தது. துளசிப் படம் சுவரில் ஆடியது. எல்லாம் அடங்கியபோது சின்னையன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தும்முனீங்களா சார்?"

"கேட்டுச்சாம்மா?"

பவானி சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். 'செவியில் விழுந்த ஒற்றைத் தும்மல்' என்றுதான் அதில் இருந்தது. செவியில் மேளம் விழுந்திருந்தது. "உள்ள போங்க சார்," என்றாள். அவளுக்கும் அன்று தண்ணீர் தம்ளரை எடுக்க வேண்டியிருக்கவில்லை. எடுக்கப் போன ஊழியர்கள் வெறும் கையோடு திரும்பினார்கள்.

கூடத்திலிருந்தவர்களுக்குச் சங்கதி புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு மேளத்துக்கும் மொத்தக் கூடமும் சேர்ந்து தும்மியது. எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்தவர்கள் வஞ்சனையில்லாமல் தும்மினார்கள். கதிர்வேல் மூன்றையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு மேலே பார்த்துக் கும்பிட்டார். வரிசை நகர்ந்தது. மையம் திறந்த நாளிலிருந்து நடக்காத வேலையெல்லாம் அன்று நடந்தது. நாடி அறைக்காரருக்கு நாடி பார்க்க வேண்டி வந்துவிட்டது. பழக்கமில்லாததால் அவர் முழங்கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னையன் இயக்குநர் அறைக்குள் போனார். பக்கிரி நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"மேளம் எதற்கு?" என்றார் டாக்டர் கார்த்திகேசன்.

"நல்ல காரியம் தொடங்குறோமுல்லங்க."

இயக்குநருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஒரே கேள்விதான். மனச்சாட்சிப்படி சொல்லுங்கள். நீங்கள் தும்முவதுண்டா?"

உண்டு என்றால் மருந்து கிடையாது. இல்லை என்றால் மருந்து தேவையில்லை, ஆனால் கிடைக்கும். சின்னையன் பொய் சொல்லிப் பழகாதவர். என்ன சொல்வது என்று தவிக்கும்போதே மூக்கு நமநமத்தது. விரலைத் தூக்கினார். மேளம் முழங்க, வாய் கோணி, தலை இரண்டு பக்கமும் ஆட, அவர் தும்மினார். இயக்குநரின் கண்ணுக்கு அது அழுத்தம் திருத்தமாக இல்லை என்று சொன்ன மாதிரி தெரிந்தது.

"மகிழ்ச்சி," என்றார். சான்றிதழில் முத்திரை குத்தினார். கூடத்துக்கு அழைத்து வந்து, பேழையைத் திறந்து டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தார். "காலை ஒன்று, மாலை ஒன்று."

"எப்பங்க வேலை செய்யும்?"

"தும்மாதவர்களுக்கு அன்றைக்கே செய்கிறது."

கூடத்தில் காத்திருந்து மருந்து வாங்கிய முதல் ஆள் என்று சின்னையனைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படம் எடுக்கும் நேரத்தில் மேளத்தோடு இன்னொன்று வந்துவிட்டது. கண் மூடி, வாய் பிளந்து, முகம் மேலே நிமிர்ந்த அந்தப் படம் மறுநாளே கூடத்தில் மாட்டப்பட்டது. அடியில் 'பயனாளியின் பேரானந்தம்' என்று எழுதியிருந்தார்கள்.

தும்மாமணியில் வெல்ல வாசனை அடித்தது, மூலிகை வாசனை தேடினாலும் இல்லை. டப்பா தீரும் வரை சாப்பிட்டார். தும்மல் வழக்கம்போல வந்தது, ஒற்றையாக. ஆனால் கையில் சான்றிதழ் இருந்தது. தில்லைநாதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆவணியில் நாள் குறித்தார்.

நிச்சயத்தன்று காலையில் சின்னையன் சட்டைப் பையைத் தடவினார். பொடி டப்பா இல்லை. பீரோவிலும் இல்லை, தலையணைக்கடியிலும் இல்லை.

"இன்னிக்கி ஒரு நாளாவது அத வுட்டுத் தொலைங்க," என்றாள் அமராவதி. இளமதி பட்டுப்புடவையில், சம்பந்திக்குப் போர்த்த வேண்டிய சரிகைத் துண்டை மடித்து மடித்துத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கொடும்மா என்று அமராவதி கேட்டதற்கு, நானே வைக்கிறேன் என்றுவிட்டாள். அவள் முகம் ரொம்ப அமைதியாக இருந்தது. பயத்தில் அப்படி இருக்கிறாள் என்று சின்னையன் நினைத்தார்.

மண்டபத்தில் பக்கிரி முன்வரிசையில் தவிலோடு உட்கார்ந்திருந்தார். விரல் ஏற்பாடு அப்படியே. சின்னையன் சம்பந்திக்குத் துண்டைப் போர்த்தினார். பத்திரிகை வாசித்தார்கள். விளக்கு அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. தட்டை எடுங்கள் என்றார் ஐயர். சின்னையன் ஒரு பக்கமும் தில்லைநாதன் ஒரு பக்கமும் தட்டைப் பிடித்தார்கள்.

அப்போது மூக்கு நமநமத்தது. சின்னையன் தட்டின் அடியிலிருந்து விரலை நீட்டினார். மேளம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். தவில் மட்டும் இருந்தது. மேளக்காரர்களுக்கு முதல் பந்தி என்று யாரோ கூப்பிட, கேசரி என்றால் தன்னை மறக்கிற பக்கிரி எழுந்து போயிருந்தார்.

தும்மினார். ஒன்று. மண்டபத்தின் மூலை வரை போய் அடங்கியது.

தில்லைநாதனின் தங்கை மெல்லத் தன் பையைத் தேடி எடுத்துக்கொண்டாள். இளவரசு "அப்பா" என்று ஆரம்பித்தான், தில்லைநாதன் கையமர்த்தினார். தட்டைச் சின்னையன் பக்கமே மெதுவாகத் தள்ளினார். சின்னையன் மகளைப் பார்க்கத் துணியாமல் வெற்றிலையைப் பார்த்தார். வெற்றிலை மங்கலாகத் தெரிந்தது.

தில்லைநாதன் ஒரு கையால் புதுத்துண்டின் நுனியை எடுத்து நெற்றியையும் மூக்கையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார். "பெரியவங்க எல்லாரும் மன்னிக்கணும். சான்றிதழ நம்பித்தான் நான் வந்தேன். இந்தச் சம்பந்தம்..." என்றார். அவர் முகம் கோணியது. கண் மூடியது.

தும்மினார்.

சபையில் ஒரு பெரியம்மா நிதானமாக, "ரெட்ட," என்றாள்.

"ரெட்டத் தும்மல்," என்றது இன்னொரு குரல். "ரொம்ப நல்ல சகுனமாச்சே."

"ஆளு வேற வேறயில்ல?" என்றார் ஒரு சந்தேகக்காரர். "ஒருத்தரே ரெண்டு போட்டாத்தான் கணக்கு. ரெண்டு பேரு ஆளுக்கு ஒண்ணு போட்டா சேருமா?"

எல்லாரும் தில்லைநாதனைப் பார்த்தார்கள். எண்ணிக்கை உபகமிட்டித் தலைவர் அவர்தானே. ஒரு மனிதனுடைய மண்டைக்குள் சட்டம் புரளுவதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். சேராது என்றால், ஒரே பையனின் நிச்சயத்தில் பையனின் அப்பாவே ஒற்றைத் தும்மல் போட்டவராகிறார். இனி அந்தப் பையனுக்கு எந்த ஊரில் போய்ப் பெண் கேட்பது? முகத்தில் வியர்வை புதிதாக ஊறியது.

"சேரும்," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சம்பந்தி வேற நான் வேறயா? ரெண்டு குடும்பமும் ஒண்ணாயிடுச்சு. ரெண்டு தும்மலையும் சேத்துத்தான் கணக்கு." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இழுத்தவர் அப்படியே நின்றார். மறுபடி அவர் முகம் கோணத் தொடங்கியது. மூன்றாவது வரப் போகிறது. மூன்றுக்கு இன்னும் சட்டம் வரவில்லை என்பது அந்த மண்டபத்தில் அவருக்கும் சின்னையனுக்கும்தான் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னையன் விரலைத் தூக்கினார், இந்தத் தடவை சம்பந்திக்காக.

தும்மல் கேட்டுக் கேசரிக் கையோடு பந்தியிலிருந்து ஓடிவந்த பக்கிரி, உட்காரக்கூட இல்லை, தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு இடித்தார். தட்டு மாறியது. தில்லைநாதன் அந்த மேளத்துக்குள் ஆசைதீரத் தும்மினார். பக்கத்தில் நின்று ஆசி வழங்கிய அவர் தங்கையும் தும்மினாள். ஒன்றும் கேட்கவில்லை, எல்லாரும் அட்சதை போட்டார்கள்.

கூட்டம் பந்திக்குக் கலைந்தபோது இளமதி அப்பா காலில் விழுந்து எழுந்தாள். எழும்போது அவர் சட்டைப் பையில் எதையோ வைத்தாள். தொட்டுப் பார்த்தார். காலையில் தேடிய பொடி டப்பா. சின்னையன் அதையும், சரிகைத் துண்டால் இன்னும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிற சம்பந்தியையும், மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாதிதாம்பா ஆச்சு," என்றாள் அவள். "மீதிய கல்யாணத்துக்கு வச்சிருங்க."